ஆயுத பூஜைக்குப் பிறக்கும் வருஷம்

வெள்ளையம்மா அந்தத் தாளை மடிக்கவே இல்லை. மடித்தால் எழுத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் ஆலையின் பதிவறை வாசலில் வந்து நின்றார்.

"கெடச்சிடுச்சிண்ணா" என்றார். "மேனேஜரு கம்ப்யூட்டர்ல தேடி எடுத்துக் குடுத்துட்டாரு. ரெண்டு நிமிசங்கூட ஆவல."

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர் அவருக்கு. முதல் பஸ்ஸில் மலை இறங்கி, கள்ளக்குறிச்சியில் வண்டி மாறி, சின்னசேலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஜவ்வரிசி ஆலைக்கு வந்திருந்தார். பையிலிருந்து நாலு கொய்யாப்பழம் எடுத்து என் மேசைமேல் வைத்தார். மலைக் கொய்யா. அறை முழுக்க வாசம் அடித்தது.

காட்டு நிலத்தில் காலங்காலமாகப் பயிர் வைக்கிற மலைக்காரர்களுக்கு உரிமைப் பட்டா கொடுக்க ஒரு சட்டம் இருக்கிறது. 2005 டிசம்பருக்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் உழுகிறோம் என்று அவர்கள் காட்ட வேண்டும். வெள்ளையம்மாவின் கணவர் சடையன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஊர்ப் பெரியவர்கள் வெள்ளையம்மாவுக்காக வாய்ச்சாட்சி சொல்லியிருந்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை என்று அவர் போட்ட மனு ஒரு முறை திரும்பி வந்துவிட்டது. மறு விசாரணைக்கு அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நாள் குறித்திருந்தார்கள். அதிலும் தள்ளிவிட்டால் ஓடைமேட்டில் இருக்கிற இரண்டரை ஏக்கரும் அவருடையது இல்லை.

தாளை வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஆலை வாசலில் எழுதுகிற பதிவேட்டின் ஒரு பக்கம். ஜனவரி மாதம். சடையன். ஓடைமேட்டுக் காடு. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஒரு லோடு. மேலே கம்ப்யூட்டர் எழுத்தில் 2005 என்று இருந்தது. கீழே ஆலை முத்திரை, மேனேஜர் கையெழுத்து.

என் கண் அந்த 2005-இலேயே நின்றுவிட்டது. அது தப்பு. அந்த ஜனவரி 2006-ஆம் வருஷத்து ஜனவரி. சட்டம் சொல்லுகிற நாளுக்குப் பிந்தினது.

"இன்னாண்ணா, சரியாத்தானே இருக்குது?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, அப்படி ஓர் ஆட்டல். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

வாயில் வந்த சொல்லை விழுங்குவது எனக்குப் புதிதல்ல. அதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

குச்சி வைத்த இடம்

களத்தில் ஈர மாவில் கால் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது என்னால் மூட்டை தூக்க முடியாது. வாட்ச்மேன் வேலைக்கு வாய் வேண்டும். எனக்கு அது கிடையாது. அப்போதைய முதலாளி, இறந்துபோன பெரியவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்த பழைய புக்கெல்லாம் கெடக்குற ரூம்ல போய் உக்காரு. எலி வராம பாத்துக்க" என்றார்.

அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை. எலி பார்ப்பது.

எங்கள் பதிவேடுகளை எலிக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் மாவிலேயே பசை காய்ச்சி பைண்டு செய்தவை அவை. எலிக்கு அது புத்தகம் இல்லை, பலகாரம். வசம்பைத் துணியில் கட்டி ஒவ்வொரு தட்டிலும் வைத்தேன். வேப்பிலை காயக்காய மாற்றினேன். கரையானுக்காக அலமாரிக் கால்களைத் தகர டப்பாவில் நிறுத்தி எண்ணெய் ஊற்றினேன்.

சும்மா உட்காரப் பிடிக்காமல் அடுக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் ஒரு புத்தகம் என்ன புத்தகம் என்று தெரிய முழுதும் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. வாசல் பதிவேடு ஒரு சுவர். ஆள் வருகைப் பதிவேடு ஒரு சுவர். லாரி அனுப்பிய சீட்டுகள் கோணியில் கட்டி மேல் தட்டில். ஒவ்வொன்றின் முதுகிலும் பெயிண்டு பிரஷ்ஷால் வருஷத்தை நானே எழுதினேன்.

யாராவது ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனால் திரும்பி வருவது நிச்சயம் இல்லை. கேட்கப் போக எனக்குக் கூச்சம். ஒரு வழி கண்டுபிடித்தேன். புத்தகம் எடுத்த இடத்தில் கிழங்குச் செடியின் காய்ந்த குச்சி ஒன்றைச் சொருகி, அதில் ஒரு துணிக்கிழிசல் கட்டிவிடுவேன். சிவப்பு என்றால் எடை மேடை, நீலம் என்றால் ஆபீஸ், வெள்ளை என்றால் முதலாளி வீடு. குச்சி இருக்கிறவரைக்கும் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்க மாட்டேன்.

எடை மேடை அந்தோணி இதைப் பார்த்துவிட்டு, "ஏழுமல, இது ரூமா, முனீஸ்வரன் கோயிலா? வேண்டுதலுக்குக் கட்டுன மாதிரி துணி தொங்குது" என்பான். நான் சிரித்துக்கொள்வேன். அவனிடம் மட்டும்தான் எனக்குக் கூச்சம் கிடையாது. சர்ச்சுக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவன் வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

சந்தனப் பக்கம்

வாசல் பதிவேட்டில் காட்டின் பெயர் எதற்கு என்று கேட்பீர்கள்.

குச்சிக்கிழங்கு பிடுங்கிய இரண்டு நாளில் கெட்டுவிடும். உள்ளே நீலம் பாய்ந்து, மாவு கறுத்துப்போகும். அதனால் லோடு வந்ததும் வாசலில் இரண்டு கேள்வி கேட்பார்கள். எந்தக் காட்டில் பிடுங்கினது? எப்போது பிடுங்கினது? மலையிலிருந்து வருகிற வண்டி என்றால் கட்டாயம் கேட்பார்கள். இரண்டையும் எழுதி, கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயின்ட் பார்த்து, அப்புறம்தான் உள்ளே விடுவார்கள். ஆலை தன் மாவுக்காக எழுதினது. யாருடைய நிலத்துக்காகவும் எழுதினது இல்லை.

இன்னொரு வழக்கம். எங்கள் ஆலையில் புதுப் பதிவேட்டை ஜனவரியிலும் தொடங்குவதில்லை, ஏப்ரலிலும் தொடங்குவதில்லை. ஆயுத பூஜை அன்று தொடங்குவார்கள். கிழங்கு வரத்து சூடு பிடிக்கிற சமயம் அது. இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கும்போதே புதுப் புத்தகத்தையும் வைத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, நாள் மாதம் வருஷம் மூன்றையும் எழுதி, சந்தனத்தை விரலால் இழுத்துப் பூசுவார்கள். வருஷம் அந்தப் பக்கத்தோடு சரி. மற்றப் பக்கங்களில் நாளும் மாதமும் மட்டும். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்தப் புத்தகம் மூடும்.

ஆக, 2005 என்று முதுகில் எழுதிய புத்தகம் 2005 ஆயுத பூஜையில் பிறந்தது. அதற்குள் இருக்கிற ஜனவரி, மறு வருஷத்து ஜனவரி. ஆலையில் எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததால் யாரும் எழுதி வைக்கவில்லை. முதுகில் ஒற்றை வருஷத்தை எழுதியது என் கை.

போன வருஷம் புது மேனேஜர் கதிரேசன் வந்தார். சேலத்துக்காரர், நல்ல மனிதர், வேகமானவர். பழைய புத்தகத்தையெல்லாம் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அறையைக் காலி செய்து பாக்கிங் பகுதிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். படம் பிடிக்க மூன்று பேர் வந்தார்கள். காதில் பாட்டு மாட்டிய ஒருவர் புத்தகத்தைத் தூக்கித் தூக்கி, "அண்ணே, இது எந்த வருஷம்?" என்று கேட்டார்.

நான் முதுகைக் காட்டினேன். 'ஆனா' என்று ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் அடுத்த புத்தகத்தைத் தூக்கிவிட்டார். சந்தனம் பூசிய முதல் பக்கத்தை, "சாமி பக்கம், வேணாம்" என்று தள்ளிவிட்டார்.

இருபது நாள் அப்படியே போனது. அந்த 'ஆனா' வெளியே வரவே இல்லை.

பஸ் வருவதற்குள்

வெள்ளையம்மா போன பிறகு நான் கொய்யாப்பழத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாளோடு அவர் விசாரணையில் போய் நிற்பார். யாராவது அசல் புத்தகத்தைக் கொண்டுவா என்றால் முதல் பக்கமே காட்டிக் கொடுத்துவிடும். பொய்த் தாள் கொடுத்தவர் என்று ஆகிவிடும். அப்புறம் அவர் சொல்லுகிற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுந்து ஓடினேன். இடுப்பு முறிந்தவன் ஓட்டம். ரோட்டோரப் புளியமரத்தடியில் அவர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

"யம்மா, அந்தத் தாளு தப்புங்க."

"இன்னா தப்பு?"

சொன்னேன். ஆயுத பூஜை, முதுகு, ஜனவரி எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"படிச்சவரு, கையெழுத்து போட்டு சீலு வெச்சுக் குடுத்தாரு. நீ இன்னாத்துக்கு நடுவுல வந்து கெடுக்குற?" என்றார். அண்ணா போய், நீ வந்துவிட்டது. "நானா திருடுனேன்? எங்க நெலந்தானே அது? என் வூட்டுக்காரரு மொத மொதல்ல கெழங்கு போட்டு இங்க எறக்குனது சுனாமி வந்த மறுமாசம். டிவியில பொணமா காட்டிக்கினு இருந்தாங்க. அத பாத்துட்டு அவரு சோறு துன்னாம லாரி ஏறுனாரு. எனக்கு நெனப்பில்லியா?"

சுனாமி 2004 டிசம்பர். மறுமாசம் 2005 ஜனவரி. அவர் சொன்னது சரி. அப்படியானால் அது 2004 என்று முதுகில் எழுதிய புத்தகத்தில் இருக்க வேண்டும்.

"அது வேற புத்தகத்துல இருக்கும்மா. நான் தேடிக் குடுக்குறேன்."

"கம்ப்யூட்டர்லயே இல்லாதத நீ எங்க போய் தேடுவ?"

பஸ் வந்தது. அவர் படியில் கால் வைத்தபடி திரும்பினார். "செவ்வாக்கெழமைக்குள்ள குடு. இல்லாட்டி இத்தத்தான் நான் கொண்டுபோவேன். பொய்யோ மெய்யோ."

நாற்பத்தேழு மூட்டை

அலமாரியில் 2003-க்கும் 2005-க்கும் நடுவில் ஒரு செங்கல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. குச்சி இல்லை. குச்சி இல்லை என்றால் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. புத்தகம் அறையை விட்டு வெளியே போனது என் கையால் அல்ல.

யோசித்தபோது ஞாபகம் வந்தது. படம் பிடித்தவர்கள், நனைந்து ஒட்டிப்போனதையும் கரையான் தின்றதையும், "இது ஆவாது" என்று ஓரமாக எறிந்துகொண்டே இருந்தார்கள். ஒரு புயலில் தகரம் பறந்து, அந்தப் புத்தகம் இருந்த மூலையில் மழை கொட்டியது உண்டு. எறிந்ததையெல்லாம் படம் பிடித்து முடித்த உதிரித் தாள்களோடு சேர்த்து ஜவ்வரிசிக் கோணியில் திணித்து, களத்துக் கொட்டகையில் அடுக்கியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு மூட்டை. சனிக்கிழமை காலை பழைய பேப்பர் வியாபாரி வண்டியோடு வருவதாக இருந்தது. அன்று புதன்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் லீவு எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஆலைக்கே வந்தேன்.

"லீவு போட்டுட்டு வேலைக்கு வர்ற ஒரே ஆளு நீதான்" என்றான் அந்தோணி. "வூட்ல இன்னா, சண்டையா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, வண்டி இல்லாத நேரத்தில் வந்து மூட்டையைக் கவிழ்த்துக் கொடுத்தான். நான் பிரித்துப் பார்த்துக் கோணி மாற்றினேன். பார்த்த மூட்டைக்குப் பச்சைக் கயிறு. புளித்த மாவுத் தண்ணீர் நாற்றம் கொட்டகையில் எப்போதும் இருக்கும். அதோடு பழைய காகிதத் தூசியும் சேர்ந்து தொண்டையை அறுத்தது. பல்லி முட்டை, எலிப் புழுக்கை, ஒரு தேள். வியாழன் முடியும்போது பத்தொன்பது மூட்டை.

ஒரு பயம் மட்டும் கூடவே இருந்தது. புத்தகம் கிடைத்து, அதில் சடையன் பெயர் இல்லாவிட்டால்? அன்றைக்கு வாசலில் எழுதியவர் எழுதாமல் விட்டிருந்தால்? கையில் இருந்த ஒரே தாளையும் தப்பு என்று சொல்லிவிட்டு நான் என்ன பதில் சொல்வேன்?

வெள்ளிக்கிழமை மூன்று மணி வாக்கில் முப்பத்தாறாவது மூட்டையில் அது வந்தது. புத்தகமாக இல்லை. பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. முதுகைக் கரையான் தின்றிருந்தது. நான் எழுதிய வருஷமும் அதோடு போயிருந்தது.

ஆவித் தட்டு

ஒட்டிய தாளை இழுத்தால் கிழியும். பசை எங்கள் மாவு. மாவுப் பசை எதற்கு இளகும் என்று எனக்குத் தெரியும். நைலான் ஜவ்வரிசி வேக வைக்கிற ஆவிப் பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே வேலை செய்கிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இன்னா அண்ணே, புக்க அவிச்சித் துன்னப் போறீங்களா?"

"ஒரு தட்டு மட்டும் குடுங்க" என்றேன். பத்து வருஷத்தில் அவர்களிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஆவியில் கொஞ்ச நேரம் காட்டி, வெளியே எடுத்து, தென்னை ஈர்க்குச்சியை விளிம்பில் விட்டு மெல்ல நகர்த்தினேன். ஒரு தாள் பிரிந்தது. மறுபடி ஆவி. மறுபடி ஈர்க்கு. பால்பாயின்ட் மை என்பதால் கலையவில்லை. முதலில் அட்டையோடு ஒட்டியிருந்த முதல் பக்கத்தைப் பிரித்தேன். சந்தனம் பழுப்பாகி இருந்தது. அதன் கீழே 2004, முழுத் தேதியோடு.

பிறகு அக்டோபர். நவம்பர். டிசம்பர். பக்கம் பக்கமாக விரல் வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். ஜனவரி வந்தது. பொங்கல் விடுமுறைக்கு அடுத்து நாலு பக்கம். சடையன் இல்லை. ஐந்தாவது பக்கம். கீழிருந்து மூன்றாவது வரி.

சடையன். ஓடைமேட்டுக் காடு. நேற்று மாலை பிடுங்கியது. வாடகை லாரி. பாயின்ட் இருபத்தேழு.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆவிப் பெட்டிப் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எல்லாந்தான் சார்"

சனிக்கிழமை காலை வியாபாரியின் வண்டி வந்துவிட்டது. கொட்டகை வாசலில் நான் நின்றேன். கையில் பதிவேடு, இன்னும் ஈரமாக. கதிரேசன் சார் வந்தார்.

"ஏழுமலை, என்ன இது? லீவுல இருக்கீங்கல்ல?"

"வண்டிய அனுப்பிடுங்க சார். இத ஏத்தக்கூடாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையிலிருந்தே, என் குரலை அவர் அதுவரை கேட்டதில்லை என்று தெரிந்தது. முதல் பக்கத்தையும் ஜனவரிப் பக்கத்தையும் காட்டினேன். அந்த அம்மாவுக்குக் கொடுத்த தாளில் வருஷம் தப்பு என்று சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு அது நல்லதுதானே? ஏன் சும்மா கெளர்றீங்க?" என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். மேலும் சில பக்கம் திருப்பினார். கணக்குப் போடுகிறவர் மாதிரி உதடு அசைந்தது.

"அப்ப கம்ப்யூட்டர்ல ஏத்துன மத்த புக்கு?"

"எல்லாந்தான் சார். ஜனவரியிலேருந்து ஆயுத பூஜை வரைக்கும் எல்லாமே ஒரு வருஷம் தப்பு."

"முதலாளிகிட்ட வேலை முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்யா." புத்தகத்தை மூடினார். "படம் புடிக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் சார். என் மேலதான் தப்பு."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கதிரேசன் சார் கையை ஆட்டி, போகச் சொன்னார். பிறகு என்னிடம், "லெட்டர் டைப் பண்ணித் தர்றேன். ஆனா நான் வரமாட்டேன். எனக்கு இந்த ஆயுத பூஜைக் கணக்கெல்லாம் விளக்கத் தெரியாது. நீங்களே புக்க எடுத்துட்டுப் போய் நீங்களே பதில் சொல்லுங்க" என்றார்.

கோபத்தில் சொன்னாரா, நம்பிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை

கள்ளக்குறிச்சியில் அந்த ஆபீஸ் கூடத்தில் நீளமான மேசை. நடுவில் ஒரு பெண் அதிகாரி. இரண்டு பக்கமும் ஆட்கள். மலையிலிருந்து வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். புத்தகத்தைப் புது வேட்டித் துணியில் சுற்றி மார்போடு பிடித்திருந்தேன். என் வேர்வை துணியில் ஊறியிருந்தது.

வெள்ளையம்மா என்னோடு அதிகம் பேசவில்லை. அந்தப் பழைய தாளும் அவர் கையில் இருந்தது. உள்ளே கூப்பிடுகிறவரைக்கும் இரண்டில் எதைக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியாது.

பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் மேசைக்கு முன்னால் போய், என்னைக் கையால் காட்டினார். "ஆலையிலேருந்து இவரு வந்துக்கிறாரு. அவரு சொல்வாரு."

அதிகாரி நிமிர்ந்தார். "நீங்க யாரு? ஆலையில என்ன வேலை?"

"புக்கு அடுக்குற வேலைங்க, மேடம்."

பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்தார். நான் துணியைப் பிரித்து ஜனவரிப் பக்கத்தைக் காட்டினேன். அதிகாரி படித்தார்.

"இதுல வருஷம் எங்க?"

முதல் பக்கத்தைக் காட்டி, ஆயுத பூஜை வழக்கத்தைச் சொன்னேன். குறிப்பு எழுதுகிறவர், "ஆயுத பூஜைக்கு வருஷம் பொறக்குற ஊரு எதுங்க? எங்களுக்கும் ஒரு போனஸ் கெடைக்கும்ல" என்றார். கூடத்தில் சிரிப்பு. என் காது சூடானது. பழைய ஏழுமலை அந்த இடத்தில் புத்தகத்தை மூடியிருப்பான்.

"மேடம், நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே மொத பக்கத்துலேருந்து திருப்பிக்கினு வாங்க" என்றேன்.

தாளுக்கு மேல் எண் அச்சடித்திருந்தது. ஒன்றும் விடுபடவில்லை. அவர் திருப்பினார். அக்டோபர் போனது. நவம்பர் போனது. டிசம்பரில் இருபத்தேழாம் தேதிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. நான் அந்த வரியைப் பார்த்திருக்கவில்லை. சடையன் பெயரைத் தேடின வேகத்தில் தவறவிட்டிருக்கிறேன். அவர் சத்தமாகவே வாசித்தார்.

"கடலூருக்குப் போன லோடு இறக்காமல் திரும்பியது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று டிரைவர் சொன்னார்."

குறிப்பு எழுதுகிறவரும் எட்டிப் பார்த்தார். அதிகாரி அடுத்த பக்கங்களை மெதுவாகத் திருப்பினார். டிசம்பர் முடிந்து ஜனவரி ஒன்று. பொங்கல் விடுமுறை தாண்டி ஐந்தாவது பக்கத்தில் சடையன்.

"மனுவுல நெலத்தோட பேரு என்ன?" என்று கேட்டார்.

"ஓடைமேட்டுக் காடுங்க" என்றார் வெள்ளையம்மா. சத்தமாகச் சொன்னார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். "அசல் புத்தகம் எங்ககிட்ட இருக்கணும்" என்றார்.

"குடுக்குறேன் மேடம். வாங்கிக்கிட்டேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

குறிப்பு எழுதுகிறவர் என்னை முறைத்தார். அதிகாரி அவரைப் பார்த்து, "எழுதிக் குடுங்க. பக்கத்த எண்ணி எழுதுங்க" என்றார்.

வெளியே வந்ததும் வெள்ளையம்மா அந்தப் பழைய தாளை நீட்டினார். "இத இன்னாண்ணா பண்றது? கிழிச்சிடட்டா?"

மறுபடி அண்ணா ஆகிவிட்டேன்.

"கிழிக்காதீங்க. என்கிட்ட குடுங்க." ஓரத்தில், 'வருஷம் தவறு, புத்தகத்தின் முதல் பக்கம் பார்க்கவும்' என்று எழுதி வைத்துக்கொண்டேன். தப்பாகப் போனதும் எங்கள் ஆலையின் காகிதம்தான்.

இன்னும் பதினொன்று

சில மாதம் கழித்து வெள்ளையம்மாவுக்கு அவர் பெயரிலேயே பட்டா வந்தது. போனில் சொன்னார். நான், "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். போனில் எனக்கு இன்னும் பேச வராது.

அறையைக் காலி செய்யும் பேச்சு நின்றது. கம்ப்யூட்டரில் இருப்பதற்கு வருஷம் மாற்றுகிற வேலை நடக்கிறது. கதிரேசன் சார் பக்கத்தில் உட்கார்ந்து, "இது?" என்பார். நான் முதல் பக்கத்தைத் திறந்து வைத்து, "ஆனா சார்" என்று ஆரம்பிப்பேன். அவர் எரிச்சல்படுவார். நான் முடிக்கிறவரைக்கும் நிறுத்துவதில்லை.

வெள்ளையம்மா விஷயம் மலையில் பரவிவிட்டது. போன வாரம் ஆலை வாசலில் நாலு பேர் நின்றார்கள். அந்தோணி வந்து, "ஒன்னத் தேடி ஒரு கூட்டமே வந்துக்குது. மந்திரியாயிட்ட போல" என்றான். மூன்று பேருடைய காட்டின் பெயர் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

நாலாவது ஆள் கரியாலூர்ப் பக்கத்துக்காரர். எழுபதைத் தாண்டியவர். வருஷம் தெரியவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கத் தன் கால் வீங்கியிருந்தது என்று மட்டும் சொல்லுகிறார். இரண்டு லோடு கொண்டுவந்தாராம். அலமாரியில் இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டேன், இல்லை.

கொட்டகையில் பச்சைக் கயிறு கட்டாத மூட்டை இன்னும் பதினொன்று இருக்கிறது. அவருக்கு விசாரணை அடுத்த மாதம். நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.